ஒரு தெரு, ஐந்து மரங்கள்: எதை வெட்டினோம், எதை விட்டோம்

தருமபுரி மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு பேரூராட்சியில் 2024 மே மாதம் தொடங்கி 2025 மார்ச் வரை நடந்த விஷயம் இது. ஊர், தெரு, ஆட்கள் பெயர் எதுவும் இதில் இல்லை. நான் வனவியல் படித்துவிட்டு நாற்றங்கால் நடத்துபவன். குடியிருப்போர் சங்கம் கூப்பிட்டதால் மரங்களைப் பார்த்துச் சொல்லப் போனேன். அரசுப் பொறுப்பு எதுவும் எனக்குக் கிடையாது. நான் எழுதிக்கொடுத்தது ஒரு கருத்து மட்டுமே, முடிவெடுத்தது அதிகாரிகளும் சங்கமும்தான்.

பின்னணி

அந்தத் தெரு ஒரு காலத்தில் ஏரிக்குப் போகும் வண்டிப்பாதை. ஏரிக்கரைப் பக்கத்து முனையில் நிற்கும் புளியமரம் அந்தக் காலத்தது. மற்ற நான்கும் வீடுகள் வந்த பிறகு வைத்தவை: முச்சந்தியில் ஒரு தூங்குமூஞ்சி, அங்கன்வாடி வாசலில் ஒரு மயில்கொன்றை (குல்மோகர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்), டீக்கடையை ஒட்டி ஒரு வேம்பு, நடுத்தெருவில் ஒரு புங்கம். மேற்கு ஓரமாக மின்கம்பி போகிறது. கிழக்கு ஓரமாக 2023-இல் சாக்கடைக் கால்வாய் தோண்டி கான்கிரீட் போட்டார்கள். அந்தக் கால்வாய் இந்தக் கதையில் முக்கியம்.

2024 கோடை எப்படி இருந்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் முழுக்க 40 டிகிரியை ஒட்டிய வெயில். அப்புறம் மே மாதத்தில் ஒரு சாயங்காலம் சூறைக்காற்றோடு மழை வந்தது. தூங்குமூஞ்சியின் ஒரு கிளை, தொடை கனம் இருக்கும், முறிந்து கீழே நின்ற ஆட்டோவின் மேல் விழுந்தது. ஓட்டுநர் டீ குடிக்கப் போயிருந்தார். கூரைக் கம்பி வளைந்து பின்சீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை நேரில் பார்த்தவர்கள் மறுநாள் மனுவில் கையெழுத்துப் போடத் தயங்கவில்லை.

மனு கேட்டது தெருவின் பெரிய மரங்களை அகற்ற வேண்டும் என்று. ஆனால் பேச்சில் முதலில் வந்தது முறிந்த தூங்குமூஞ்சி அல்ல, புளிதான். அது தெருப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அடிமரத்தில் ஆள் தலை நுழையும் அளவுக்குப் பொந்து இருக்கிறது, பார்த்தாலே பயம் வரும். "மொதல்ல புளிய எடுத்துருங்க சார், மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் வார்டு கவுன்சிலர். சங்கச் செயலாளர் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவர்தான் வெட்டுவதற்கு முன் ஒருமுறை யாரையாவது பார்க்கச் சொல்லலாம் என்று சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

எப்படிப் பார்த்தோம்

மர ஆபத்தைக் கணிக்க மூன்று கேள்விகள் போதும். இந்த மரமோ கிளையோ உடைய வாய்ப்பு எவ்வளவு? உடைந்தால் ஆள் மேலோ பொருள் மேலோ விழ வாய்ப்பு எவ்வளவு? விழுந்தால் சேதம் எவ்வளவு? மூன்றையும் சேர்த்துத்தான் குறைவு, நடுத்தரம், அதிகம், மிக அதிகம் என்று முடிவு சொல்ல வேண்டும். மரப் பராமரிப்பு வல்லுநர்களின் சர்வதேச அமைப்பான இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் ஆர்போரிகல்ச்சர் பயன்படுத்தும் முறையின் சாரமும் இதுவே. நம் ஊரில் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம். ஏரிக்குள் நிற்கும் பட்டுப்போன கருவேலம் உடைவது நிச்சயம், ஆனால் அதனால் யாருக்கும் ஆபத்தில்லை. பச்சைப்பசேல் என்று பள்ளி வாசலில் நிற்கும் மரம் உடைய கொஞ்சம் வாய்ப்பிருந்தாலே கவலைப்பட வேண்டும்.

அதனால் மரத்தைப் பார்ப்பதற்கு முன் மரத்தடியைப் பார்த்தோம். யார், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று செயலாளர் ஒரு நோட்டில் குறித்தார். புளிக்குக் கீழே நடந்து போகிறவர்கள் உண்டு, நிற்கிறவர்கள் மிகக் குறைவு. மரத்தடியில் உள்ள முனி கல்லுக்கு அமாவாசையன்று சிலர் வருவார்கள், அவ்வளவுதான். தூங்குமூஞ்சிக்குக் கீழே ஆட்டோ நிறுத்தம், பகல் முழுக்க ஆள். மயில்கொன்றைக்குக் கீழே காலையிலும் மதியமும் அம்மாக்கள் குழந்தைகளோடு நிற்கிறார்கள். அதற்கு நேர் கீழே அங்கன்வாடியின் தகரக் கூரை போட்ட வராண்டா.

கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அளவு நாடா, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு, தச்சரிடம் வாங்கிய கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), முனை மழுங்கிய இரும்புக் கம்பி, நீளமான மெல்லிய பிட்டு மாட்டிய துளைக்கும் மெஷின். மரத்தின் உள்ளே எவ்வளவு கெட்டி இருக்கிறது என்று வரைபடமாகவே காட்டும் கருவிகள் உண்டு. அவை நமக்கு எட்டும் தூரத்தில் இல்லை. கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டே அடிமரத்தைச் சுற்றி வந்தால் கெட்டியான இடத்தில் வெட்டென்று சத்தம் வரும், உள்ளே காலியான இடத்தில் அதிரும். சந்தேகமான இடத்தில் மட்டும் துளை போட்டோம். மெஷின் சட்டென்று உள்ளே போனால் அதற்கு மேல் கட்டை இல்லை என்று அர்த்தம். வெளியே வரும் தூளின் நிறமும் மணமும் மீதியைச் சொல்லிவிடும். துளையும் மரத்துக்கு ஒரு காயம்தான், அதனால் கண்ட இடத்தில் போடவில்லை.

புளி

நெஞ்சு உயரத்தில் சுற்றளவு 3.8 மீட்டர். அதாவது விட்டம் சுமார் 1.2 மீட்டர், ஆரம் 60 சென்டிமீட்டர். பொந்தின் வாய் மேற்குப் பக்கம், ஏரியைப் பார்த்தபடி. மூன்று பக்கங்களில் துளைத்தபோது 24 முதல் 28 சென்டிமீட்டர் வரை நல்ல கட்டை இருந்தது. பொந்து வாயின் ஓரங்களில் 15-க்குப் பக்கம். ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு கனத்துக்கு நல்ல கட்டை சுற்றிலும் இருந்தால், நடுவில் காலியாக இருப்பது மட்டுமே மரத்தை வெட்டக் காரணமாகாது என்பது நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள ஒரு கணக்கு. இங்கே அந்த எல்லை 20 சென்டிமீட்டர். வாய் ஓரத்தில் அது எட்டவில்லை, மற்ற இடங்களில் தாராளமாக இருந்தது. மூங்கிலும் உள்ளே காலிதான் என்று செயலாளரிடம் சொன்னேன். தலையாட்டினார், ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை.

சாய்வுதான் அடுத்தது. சாய்ந்த மரம் எல்லாம் விழப்போகும் மரம் அல்ல. பழைய சாய்வு, புதுச் சாய்வு என்று இரண்டு உண்டு. பல வருஷமாகச் சாய்ந்தே வளர்ந்த மரத்தின் மேல்பகுதி வெளிச்சத்தைத் தேடி நேராகத் திரும்பியிருக்கும், அடிமரம் வில் போல வளைந்திருக்கும். திடீரென்று சாய்ந்த மரம் அடியிலிருந்து நுனி வரை ஒரே கோடாகச் சாய்ந்திருக்கும். சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் மண் மேலெழும்பி வெடித்திருக்கும். புளியில் முதல் வகைதான். எதிர்ப்பக்கம் ஏரிப் புறம்போக்கு, தோண்டப்படாத திறந்த மண். மரத்தை இழுத்துப் பிடிக்கும் பக்கவேர்கள் அங்கே தடியாக மேலே தெரிந்தன. கம்பியால் குத்திப் பார்த்தால் இறங்கவில்லை. சாக்கடைக் கால்வாய் எதிர் ஓரத்தில் போனதால் இந்த மரத்தின் வேரை யாரும் தொடவில்லை.

தூக்குக்குண்டு விட்டு, சாய்வின் அளவை அடிமரத்திலும் தரையில் அடித்த ஆணியிலும் குறித்து வைத்தோம். பொந்துக்குள் புள்ளி ஆந்தை ஒரு ஜோடி இருந்தது. விளக்கடித்தபோது ஒன்று முறைத்துப் பார்த்துவிட்டு உள்ளே நகர்ந்துகொண்டது.

மயில்கொன்றை

யாரும் புகார் சொல்லாத மரம் இது. மே மாதம் வேறு, தலை முழுக்கச் சிவப்பாகப் பூத்திருந்தது. இலையில் வாட்டம் இல்லை, பட்டுப்போன கிளை இல்லை. சுற்றளவு 1.9 மீட்டர், விட்டம் சுமார் 60 சென்டிமீட்டர். சாக்கடையின் சுவர் அடிமரத்திலிருந்து அரை மீட்டர்கூட இல்லை.

கால்வாய்ச் சுவருக்கும் மரத்துக்கும் இடையே கையால் மண்ணைத் தோண்டினோம். ஒரு முழம் ஆழத்திலேயே வெட்டுப்பட்ட வேர்கள் வந்தன. ஜே.சி.பி. பக்கெட்டால் பிய்த்த வேர், நார் நாராகக் கிழிந்து கருத்திருந்தது. மணிக்கட்டு கனத்தில் சில, அதைவிடத் தடியாக மூன்று. கம்பியை வைத்து அழுத்தியதும் உளுத்த கட்டைக்குள் போவதுபோல உள்ளே போனது. வளர்ந்த மரத்துக்கு ஆணிவேர் ஆழமாகப் போய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நிஜத்தில் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், ஒரு மீட்டர் ஆழத்துக்குள்தான் படர்கின்றன. இங்கே செம்மண்ணுக்குக் கீழே சீக்கிரமே சரளை வந்துவிடுகிறது, வேர் இன்னும் மேலாகத்தான் ஓடும். வேலை செய்யும்போது அடிமர விட்டத்தைப் போல 12 மடங்கு தூரத்துக்கு மண்ணைத் தொடக் கூடாது என்பது ஒரு பொதுவிதி. இந்த மரத்துக்கு அது ஏழு மீட்டர். தெருவே அவ்வளவு அகலம் இல்லை. அந்த விதியை அப்படியே பின்பற்றுவது நம் தெருக்களில் நடக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஏழு மீட்டருக்கும் அரை மீட்டருக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

அடிமரத்தில், சாக்கடைப் பக்கம் தரையை ஒட்டி, பட்டையில் வட்டமாக வெளுத்த தழும்புகள் நான்கைந்து இருந்தன. என்ன என்று புரியவில்லை. அங்கன்வாடி டீச்சர் சொன்னார்: "அது காளான் சார். போன மழைக்கே வந்துச்சு. பசங்க பிச்சு வாயில வெச்சிருவாங்கன்னு நான்தான் குச்சியால தட்டி விட்டுருவேன்." கால்வாயின் உள்பக்கச் சந்தில் அவர் கண்ணில் படாத ஒன்று மிச்சம் இருந்தது. மேலே வார்னிஷ் அடித்ததுபோல் செம்பழுப்பு, ஓரம் வெள்ளை, கட்டைபோல் கெட்டி. கானோடெர்மா. வேரையும் அடிமரத்தையும் உள்ளிருந்து அழுக வைக்கும் பூஞ்சை இது. கண்ணுக்குத் தெரியும்படி அது வெளியே வரும் நேரத்தில் உள்ளே வேலை ரொம்ப தூரம் நடந்திருக்கும். இலை பச்சையாக இருப்பதை வைத்து இந்த மரத்தை மதிப்பிட முடியாது. மறுபக்கத்து வேர்கள் தண்ணீர் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன, பிடிமானம்தான் போய்விட்டது.

மற்ற மூன்று

தூங்குமூஞ்சியில் அழுகல் இல்லை. மின்கம்பிக்காக வருஷா வருஷம் ஒரு பக்கம் மட்டும் கழித்ததால் பாரம் முழுக்க ஆட்டோ நிறுத்தத்தின் மேல் போயிருந்தது. கழித்த இடங்களில் குச்சம் (கிளையின் அடித்துண்டு) விட்டு வெட்டியதால் அங்கிருந்து கொத்தாகத் துளிர்த்த கிளைகள், பிடிப்பில்லாதவை. மே மாதம் முறிந்ததும் அப்படித் துளிர்த்து வளர்ந்த கிளைதான்.

வேம்பைச் சுற்றி டீக்கடைத் திண்ணைக்காக அடிமரத்தோடு ஒட்டி சிமென்ட் போட்டிருந்தார்கள். ஆணி, கேபிள் வயர், விளம்பரத் தகடு எல்லாம் அதில்தான். இரண்டு காய்ந்த கிளைகள். புங்கத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

முடிவுகள்

மயில்கொன்றை: மிக அதிக ஆபத்து, அகற்ற வேண்டும். தூங்குமூஞ்சி: அதிகம், ஆனால் கவாத்தில் (கிளை கழிப்பதில்) குறைக்க முடியும். புளி: நடுத்தரம், பாரத்தைக் குறைத்துவிட்டுக் கண்காணிக்கலாம். வேம்பு: நடுத்தரத்துக்கும் கீழே, காய்ந்ததை எடுத்துவிட்டு சிமென்ட்டை உடைக்க வேண்டும். புங்கம்: ஒன்றும் செய்ய வேண்டாம்.

சங்கக் கூட்டத்தில் இதைப் படித்தபோது சலசலப்பு. பயந்த மரத்தை விடச் சொல்கிறான், பூத்து நிற்கும் மரத்தை வெட்டச் சொல்கிறான் என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். கானோடெர்மாத் துண்டையும் உளுத்த வேரையும் மேசையில் வைத்த பிறகுதான் பேச்சு மாறியது. புளியின் பொந்தை சிமென்ட் போட்டு அடைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். முன்பு அப்படிச் செய்வதுண்டு. மரம் காற்றில் அசையும், சிமென்ட் அசையாது. இரண்டும் உராயும் இடத்தில் தண்ணீர் தேங்கி அழுகல் கூடும், பொந்தின் கனத்தைப் பிற்பாடு அளக்கவும் முடியாமல் போகும். அதனால் வேண்டாம் என்றேன். ஆந்தையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. ஆந்தை இருப்பது வீட்டுக்கு ஆகாது என்று சொல்ல அங்கே ஆள் இருந்தது.

தூங்குமூஞ்சியை மொட்டையடித்துவிடலாம் என்பது இன்னொரு யோசனை. ஒரே நாளில் முடியும், மலிவு, ஐந்து வருஷத்துக்குப் பயமில்லை என்றார்கள். ஐந்து வருஷம் என்பது சரியான கணக்குதான். வெட்டிய வாயில் அழுகல் இறங்கி, அதன் மேலேயே துளிர்க்கும் கிளைகள் கனம் கூடி முறியத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். மே மாதம் ஆட்டோ மேல் விழுந்ததும் அதே வகைக் கிளைதான் என்று சொன்னதும் அந்த யோசனை கைவிடப்பட்டது.

அனுமதி வரும்வரை

கிளை கழிப்பதற்குப் பேரூராட்சிச் செயல் அலுவலர் உத்தரவு போதுமானதாக இருந்தது. முழு மரத்தை வெட்ட அப்படி முடியாது. புறம்போக்கில் நிற்கும் மரம் என்பதால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் அறிக்கை, வனத்துறையின் மதிப்பீடு, அப்புறம் ஆட்சியர் தலைமையிலான மாவட்ட பசுமைக் குழு. தமிழ்நாட்டில் 2021 முதல் அரசு நிலத்து மரங்களுக்கு இந்தக் குழுவின் வழியாகத்தான் போக வேண்டும். கண்டபடி வெட்டுவதைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு. நேரம் எடுக்கும் ஏற்பாடும்கூட.

அவசரமென்றால் இன்னொரு வழியும் உண்டு. விழுந்து ஆளுக்குக் காயம் உண்டாக்கக்கூடிய நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 152-ஆம் பிரிவு. அந்த வழியில் போகலாமா என்று பேசினோம். அதற்குள் ஆபத்தை வேறு விதமாகக் குறைக்க முடிந்ததால் வழக்கமான வழியிலேயே விட்டோம்.

அந்த வேறு விதம் இதுதான். அங்கன்வாடிக்குப் பக்கத்துச் சந்தில் இன்னொரு கதவு உண்டு. உடைந்த நாற்காலி, பழைய எடை மெஷின், செங்கல் எல்லாம் போட்டு அடைத்து வைத்திருந்தார்கள். சங்கத்து இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் காலி செய்தார்கள். திங்கட்கிழமை முதல் குழந்தைகள் அந்த வழியாக வந்தார்கள். வராண்டாவில் உட்கார வைப்பதை டீச்சர் நிறுத்தினார். மரத்தடியில் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டினோம். மரம் அதேதான், அழுகலும் அதேதான். ஆனால் கீழே நிற்க ஆள் இல்லாததால் ஆபத்து பெரிதும் குறைந்துவிட்டது. இந்த முழு வேலையிலும் செலவே இல்லாமல் அதிக பலன் கொடுத்தது அந்தக் கதவுதான் என்பது என் கணிப்பு.

வேலை

ஜூனில் கவாத்து. மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தி, லைன்மேன் கம்பியை எர்த் செய்த பிறகே ஆள் ஏறியது. மரம் வெட்டும் மேஸ்திரி அனுபவசாலி. வடம் கட்டிக் கிளையை மெதுவாக இறக்குவதில் அவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. வெட்டும் இடத்தில்தான் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் அறுத்து, பிறகு அதற்குச் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்துக் கிளையைக் கழற்ற வேண்டும். கடைசியாக மிச்சக் குச்சத்தை, கிளை மரத்தோடு சேரும் இடத்தில் உள்ள புடைப்புக்கு வெளியே அறுக்க வேண்டும். அப்படிச் செய்தால் பட்டை உரியாது, காயம் தானாக மூடிக்கொள்ளும். புடைப்போடு சேர்த்து வழவழவென்று வெட்டுவதும் தவறு, குச்சம் விடுவதும் தவறு. வெட்டிய வாயில் தார் பூசட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றதும், "பூசலைன்னா பாக்குறவங்க வேலை முடியலைன்னு சொல்லுவாங்களே சார்" என்றார்.

புளியில் தெருப்பக்கம் நீண்டிருந்த நான்கு கிளைகளின் நுனிப் பாரத்தை மட்டும் குறைத்தோம். புளி மகசூலை ஏலம் எடுத்தவர் வந்து சத்தம் போட்டார். அவர் நஷ்டம் நியாயமானதுதான், அதைப் பற்றி முன்பே யாரும் அவரிடம் சொல்லவில்லை. முனி கல்லுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் மேஸ்திரி ஏறினார். நாங்களும் கூட நின்றோம்.

மயில்கொன்றைக்கான அனுமதி ஆகஸ்டில் வந்தது. மேஸ்திரி ஏறி உச்சியிலிருந்து வெட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். வேர் அழுகிய மரத்தில் ஆள் ஏறக் கூடாது, மேலே ஒரு கிளை இறங்கும் அதிர்ச்சியிலேயே மரம் சாயலாம். தோண்டிய குழியைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு வடத்தை வண்டியில் திரும்பப் போட்டார். தெருவிளக்கு மாட்டும் ஏணி வண்டியைக் கொண்டுவந்து, அதிலிருந்தபடியே துண்டு துண்டாக எடுத்தார்கள்.

அடிக்கட்டையை ஜே.சி.பி. லேசாகத் தள்ளியதும் பெயர்ந்து வந்தது. புரட்டிப் பார்த்தால் சாக்கடைப் பக்கம் பாதிக்கு மேல் வேரே இல்லை. கருத்த, நார் போன, கையால் பிய்க்கக்கூடிய கட்டை. அனுமதியின் நிபந்தனைப்படி ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று. தெருவில் இடம் ஏது? ஏரிக்கரையில் புங்கமும் நீர்மருதும் நட்டோம், அங்கன்வாடி முன்னால் மட்டும், கால்வாயிலிருந்து தள்ளி, ஒரு மகிழம். ஏரிக்கரைக் கன்றுகளில் பாதியை ஆடு தின்றுவிட்டது.

டிசம்பர் மழை

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்த புயல் நமக்கு என்ன செய்யும் என்று இருந்தவர்களுக்கு அடுத்த இரண்டு நாள் பதில் சொன்னது. ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர், அரூரில் 30 சென்டிமீட்டருக்கு மேல். தெருவில் முழங்கால் தண்ணீர் ஓடியது. மண் ஊறிப் போய், நட்ட கம்பை விரலால் ஆட்டலாம் என்ற நிலை.

நான்கு மரங்களும் நின்றன. இதை வைத்து எங்கள் கணிப்பு சரி என்று சொல்லிவிட மாட்டேன். அன்று இங்கே மழைதான் கடுமை, காற்று மே மாத அளவுக்குக்கூட இல்லை. ஊறிய மண்ணைத் தாங்கியது தெரிந்தது, ஊறிய மண்ணோடு சூறைக்காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது தெரியவில்லை. மயில்கொன்றை இருந்திருந்தால் விழுந்திருக்கும் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம்.

விழுந்தது வேறொன்று. அங்கன்வாடிக்கு இரண்டு வீடு தள்ளி, ஒரு வீட்டு மதிலுக்குள் நின்ற தென்னை. அடியோடு முறிந்து தெருவின் குறுக்கே விழுந்து மின்கம்பியை அறுத்தது. இரவு என்பதால் தெருவில் ஆள் இல்லை, லைனும் முன்பே நின்றிருந்தது. மறுநாள் போய்ப் பார்த்தேன். அடிமரத்தில் செம்பழுப்பு நீர் வடிந்து காய்ந்த தடம், உள்ளே அழுகல். தஞ்சாவூர் வாடல் நோயின் அடையாளம். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் முதலில் கவனிக்கப்பட்டதால் அந்தப் பெயர். அதற்கும் காரணம் கானோடெர்மாதான். மயில்கொன்றையிலிருந்து வந்ததா என்று வீட்டுக்காரர் கேட்டார். அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஒரு வருஷமாக மரத்தில் தண்ணீர் வடிந்ததைப் பார்த்ததாகவும், கள் மாதிரி ஏதோ என்று விட்டுவிட்டதாகவும் அவர் சொன்னார்.

மாற்ற வேண்டியவை

மனு பொது மரங்களைப் பற்றி இருந்ததால் நாங்கள் பார்த்ததும் பொது மரங்களை மட்டுமே. மதிலுக்குள் நின்றாலும் தெருவில் விழக்கூடிய மரம் என்றால் கணக்கில் வர வேண்டும். இப்போது சங்கம் வீட்டுக்காரர் சம்மதத்தோடு அவற்றையும் சேர்த்துக்கொண்டது. முதல் சுற்றில் பட்டுப்போன முருங்கை ஒன்றும், மொட்டை மாடியைத் தொடும் பாக்கு ஒன்றும் பட்டியலுக்கு வந்தன.

இரண்டாவது, தெருவில் இருப்பவர்களைக் கேட்பது. காளானை டீச்சர் பார்த்திருந்தார், தென்னையில் வடிந்ததை வீட்டுக்காரர் பார்த்திருந்தார். யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அவர்களுக்கும் அது சொல்ல வேண்டிய விஷயம் என்று தெரியவில்லை. அடிமரத்தில் காளான், புதிதாக வெடித்த மண், நீர் வடிதல், திடீர்ச் சாய்வு, தானாகக் காய்ந்த பெரிய கிளை. இந்த ஐந்தில் எதைப் பார்த்தாலும் செயலாளரிடம் சொல்லுங்கள் என்று டீக்கடையில் ஒரு தாள் ஒட்டினோம். அதைப் பார்த்து வந்த தகவல்களில் பாதி எறும்புப் புற்று, ஓணான் என்றுதான் இருக்கும். பரவாயில்லை.

ஏலதாரரிடமும் முன்பே பேசியிருக்க வேண்டும். அடுத்த ஏல நிபந்தனையில் கவாத்துக்கு இடம் விட்டு ஒரு வரி சேர்க்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார்கள்.

மரத்தைப் பார்ப்பது வருஷத்துக்கு இரண்டு முறை என்று முடிவானது: கோடை மழைக்கு முன் மார்ச்சில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில். 2025 மார்ச்சில் பார்த்தபோது புளியின் தூக்குக்குண்டுக் குறி நகரவில்லை. தூங்குமூஞ்சியின் வெட்டு வாய்களைச் சுற்றிப் பட்டை தடித்து மூடத் தொடங்கியிருந்தது, புடைப்போடு சேர்த்து அறுபட்டுவிட்ட ஒன்றைத் தவிர. ஆட்டோ நிறுத்தம் எதிர்ப்பக்கம் போய்விட்டது.

அதே மாதம் குடிநீர்க் குழாய் பதிக்க மேற்கு ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள், புளியின் வேரை ஒட்டி. செயலாளர் வேர்ப் படத்தையும் மயில்கொன்றையின் அடிக்கட்டைப் புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு பொறியாளரைப் பார்க்கப் போனார். கோடு தெருவின் நடுப்பக்கம் நான்கு மீட்டர் நகர்ந்தது. மரத்துக்கு நேரே வரும் பகுதியை ஜே.சி.பி. இல்லாமல் மண்வெட்டியால் தோண்டுவதாக ஒப்பந்ததாரர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.